ஊட்டி, குன்னூர்ல இருந்து கிளம்பறவங்க ட்ரெயின் டிக்கெட்டை ரெண்டா பிரிச்சு எடுக்கலாமா? எடுத்தா செல்லுமா?

மலையில இருக்கற நமக்கு எந்த ஊருக்கு போகணும்னாலும் ஒரே வண்டியில போய் இறங்கறது நடக்காத காரியம், ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒண்ணு, அங்கிருந்து கோயம்புத்தூர் ஒண்ணு, அப்புறம் தான் சென்னையோ பெங்களூரோ மதுரையோ. அதனால டிக்கெட்டை துண்டு துண்டா எடுக்கறது நமக்கு பழகிப்போன விஷயம், ஆனா எந்த துண்டு எதோட சேரும், நடுவுல வண்டி லேட்டானா காசு யார் தலையில விழும்ங்கறது நிறைய பேருக்கு தெரியறதில்ல. அதை எனக்கு தெரிஞ்ச வரைக்கும் முழுசா எழுதறேன், பொறுமையா படிங்க, குடும்பத்தோட போறவங்க கண்டிப்பா படிங்க.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்கலாம். வெளிநாட்டுல இருக்கறவங்க போடற வீடியோ பாத்துட்டு "டிக்கெட்டை பிரிச்சு எடுத்தா காசு மிச்சம்"னு நம்ம பசங்க நிறைய பேர் நினைக்கறாங்க. இங்கிலாந்துல அது உண்மை தான், அங்க பல ரூட்ல நடு ஸ்டேஷன் வரைக்கும் ஒண்ணு அதுக்கப்புறம் ஒண்ணுன்னு எடுத்தா நேர் டிக்கெட்டை விட கம்மியா வரும், அந்த வண்டி அந்த நடு ஸ்டேஷன்ல நின்னா போதும், நீங்க இறங்கக்கூட வேண்டாம், ரெண்டு டிக்கெட்டும் சேர்ந்து செல்லும். லண்டனுக்குள்ள ஸோன் 1, ஸோன் 2ன்னு வட்டம் போட்டு அதை வெச்சு கட்டணம் வாங்குவாங்க. இங்க கணக்கே வேற. நம்ம ரயில்வேல கட்டணம் கிலோமீட்டரை வெச்சு தான், தெற்கு ரயில்வே எல்லை தாண்டி தென்மேற்கு ரயில்வேக்குள்ள போனாலும் மீட்டர் தொடர்ந்து ஓடும், எல்லை தாண்டினதுக்கு தனி சார்ஜ் எல்லாம் கிடையாது.

அந்த மீட்டர் எப்படி ஓடுதுன்னா, தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கு ஆகற ரேட் குறைஞ்சுகிட்டே வரும். டெலஸ்கோப்பிக் ஃபேர்னு சொல்வாங்க. அதனால 500 கிலோமீட்டர் டிக்கெட்டை ரெண்டு 250ஆ வெட்டினா, ரெண்டு தடவையும் ரேட் அதிகமா இருக்கற ஆரம்ப கிலோமீட்டர்ல இருந்தே கணக்கு தொடங்கும், அப்ப கூட தான் ஆகும், குறையவே குறையாது. இதுக்கு மேல ரிசர்வேஷன் சார்ஜ் ரெண்டு தடவை (ஸ்லீப்பருக்கு 20 ரூபா, தேர்ட் ஏசிக்கு 40), சூப்பர்ஃபாஸ்ட் சார்ஜ் ரெண்டு தடவை (ஸ்லீப்பருக்கு 30, தேர்ட் ஏசிக்கு 45), ஐஆர்சிடிசி கன்வீனியன்ஸ் ஃபீ ரெண்டு தடவை. நாலு பேர் குடும்பம்னா ரிசர்வேஷனும் சூப்பர்ஃபாஸ்ட்டும் ஆளுக்கு தலா போகும், கூட்டிப் பாருங்க.

இதுல யாரும் கவனிக்காத ஒரு விஷயம் மினிமம் தூரம். ஸ்லீப்பர்ல நீங்க 50 கிலோமீட்டர் போனாலும் 200 கிலோமீட்டர் காசு, தேர்ட் ஏசி, செகண்ட் ஏசில 300 கிலோமீட்டர் காசு, ஏசி சேர் கார்ல 150. இப்ப நீலகிரி எக்ஸ்பிரஸ்ல மேட்டுப்பாளையம் டூ சென்னையை வெச்சு பாருங்க. மொத்தம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் டூ கோயம்புத்தூர் 36, அங்கிருந்து ஈரோடு சுமார் 100, ஈரோட்டுல இருந்து சேலம் சுமார் 60. ஸ்லீப்பர் டிக்கெட்டை ஈரோட்டுல வெட்டினா முதல் துண்டு 136 கிலோமீட்டர் தான், ஆனா 200க்கு காசு குடுப்பீங்க, அறுபத்தி சொச்சம் கிலோமீட்டர் சும்மா போச்சு. திருப்பூர்ல வெட்டினா அதை விட மோசம். அதே டிக்கெட்டை சேலத்துல வெட்டினா முதல் துண்டு கிட்டத்தட்ட 196, மினிமத்தை ஏறக்குறைய தொட்டுடும், வீணாப் போறது ரொம்ப கம்மி. அதனால ஸ்லீப்பர்ல வெட்டியே ஆகணும்னா சேலத்துல வெட்டுங்க. ஏசில எங்க வெட்டினாலும் நஷ்டம் தான், ரெண்டு துண்டும் 300 தாண்டணும்னா மொத்தம் 600 வேணும், நம்ம ரூட்ல அவ்வளவு தூரமே இல்ல. தட்கல்ல இன்னும் கொடுமை, ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் மினிமம் 500 கிலோமீட்டர், அதனால தட்கல்ல துண்டு போடற யோசனையே வேண்டாம்.

அப்ப எதுக்கு தான் பிரிச்சு எடுக்கறதுன்னா, சீட்டுக்காக. அது ஒண்ணு தான் நியாயமான காரணம். தீபாவளி, பொங்கல், மே மாச சீசன் முடிஞ்சு எல்லாரும் கீழ இறங்கற நேரம், மேட்டுப்பாளையத்துல இருந்து சென்னைக்கு முழுசா கேட்டா வெயிட்டிங் லிஸ்ட் நீளமா நிக்கும், ஆனா ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனி கோட்டா இருக்கறதால மேட்டுப்பாளையம் டூ சேலம் தனியா, சேலம் டூ சென்னை தனியா கேட்டா கன்ஃபர்ம் கிடைக்கற சந்தர்ப்பம் உண்டு. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி தான் ஓப்பன் ஆகுது (2024 நவம்பர்ல இருந்து இப்படி), அதனால ஓப்பன் ஆன அன்னிக்கே நேர் டிக்கெட்டை எடுத்துட்டா இந்த வேலையே தேவைப்படாது, இது லேட்டா முழிச்சவங்களுக்கான வழி.

ஒரே வண்டியில ரெண்டு பிஎன்ஆர் (டிக்கெட்டோட பதிவு நம்பர், அதாவது ரெண்டு தனி டிக்கெட்) வெச்சிருந்தா செல்லுமா? செல்லும். முதல் டிக்கெட் எந்த ஸ்டேஷன்ல முடியுதோ அதே ஸ்டேஷன்ல ரெண்டாவது தொடங்கணும், நடுவுல ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டை இருக்கக்கூடாது. மேட்டுப்பாளையம் டூ ஈரோடு ஒண்ணு, சேலம் டூ சென்னை ஒண்ணுன்னு வெச்சுகிட்டு "நடுவுல ஒரு மணி நேரம் தானே"ன்னு உக்காந்திருந்தா, அந்த ஈரோடு சேலம் தூரத்துக்கு நீங்க டிக்கெட் இல்லாத பயணி. அந்த தூர கட்டணமும், அதுக்கு சமமா அபராதமும், அபராதம் குறைஞ்சபட்சம் 250 ரூபா. அந்த ஓட்டையை அன்ரிசர்வ்ட் டிக்கெட் வாங்கி அடைக்கலாம்னு சில பேர் சொல்றாங்க, அதை வெச்சு ஸ்லீப்பர் பெட்டியில இருக்க முடியாது, ஜெனரல் பெட்டிக்கு போய் திரும்பி வரணும், நடு ராத்திரியில மூட்டை முடிச்சோட அது ஆகற வேலையில்ல.

ரெண்டாவது டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து அது கன்ஃபர்ம் ஆகலைன்னா கதை முதல் துண்டோட முடிஞ்சுது. ஆன்லைன்ல எடுத்த வெயிட்டிங் டிக்கெட் சார்ட் போட்டதும் தானா கேன்சல் ஆயிடும், கவுன்ட்டர்ல எடுத்ததுன்னா ஜெனரல் பெட்டியில தான் போக முடியும், ரிசர்வ்ட் பெட்டியில நிக்க விடமாட்டாங்க. அதனால ரெண்டு துண்டும் கன்ஃபர்ம்னா மட்டும் பிரிங்க, ஒண்ணு கன்ஃபர்ம் ஒண்ணு வெயிட்டிங்னு சூதாட வேண்டாம். ஆர்ஏசினா பரவால்ல, உக்கார இடமாவது உண்டு.

வண்டியில ஏறினதும் டிடிஆர் (டிக்கெட் பரிசோதகர்) வரும்போது ரெண்டு டிக்கெட்டையும் சேர்த்தே காட்டிருங்க. "சார், சேலம் வரைக்கும் இந்த பெர்த், சேலத்துல இருந்து எஸ்7ல இன்னொரு பிஎன்ஆர் இருக்கு, அங்க மாறிக்கறேன்"னு முன்னாடியே சொல்லிட்டா அவங்க கையில இருக்கற மெஷின்ல பாத்துட்டு தலையாட்டிட்டு போயிடுவாங்க. முக்கியமா, சேலம் வந்ததும் எழுந்து அந்த ரெண்டாவது பெர்த்துல போய் உக்காந்திருக்கணும். பழைய பெர்த்லயே தூங்கிட்டு இருந்தா அந்த பெர்த்துக்கு சேலத்துல ஏறறவங்க வந்து எழுப்புவாங்க, உங்க புது பெர்த்துல ஆள் இல்லைன்னு டிடிஆர் "வரல"ன்னு போட்டு அதை ஆர்ஏசி ஆளுக்கு குடுத்துட வாய்ப்பு உண்டு. நீலகிரி எக்ஸ்பிரஸ் சேலம் வர்றது நடு ராத்திரி தாண்டி, அலாரம் வெச்சுக்கோங்க. வயசானவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்களுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்ங்கறது என் கருத்து, இருட்டுல பெட்டி மாறும்போது பெரியவங்க தடுக்கி விழுந்தா மிச்சம் பிடிச்ச சீட்டுக்கு அர்த்தமே இல்ல. அவங்களுக்கு கோயம்புத்தூர்ல இருந்து கிளம்பற வேற வண்டியில முழு டிக்கெட் தேடுங்க, சேரன் இருக்கு, பகல்ல கோவை எக்ஸ்பிரஸ், இன்டர்சிட்டி, 2023ல இருந்து வந்தே பாரத்தும் இருக்கு.

சார்ட் போட்ட பிறகும் ஒரு வழி இருக்கு. ஐஆர்சிடிசில "சார்ட்ஸ், வேகன்சி"ன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல வண்டி நம்பர் போட்டா எந்த பெட்டியில எந்த பெர்த் எங்கிருந்து எது வரைக்கும் காலியா போகுதுன்னு தெரியும். ஈரோட்டுல இருந்து காலின்னு தெரிஞ்சா ஈரோடு வரைக்கும் மட்டும் டிக்கெட் வெச்சிருக்கறவங்க டிடிஆர் கிட்ட போய் நீட்டிச்சு குடுக்க கேக்கலாம், ஆனா ஈரோடு வர்றதுக்கு முன்னாடியே போய் கேக்கணும். ஸ்டேஷன் தாண்டினதுக்கு அப்புறம் கேட்டா அது டிக்கெட் இல்லாத பயணம் தான், அப்ப கெஞ்சி பிரயோஜனம் இல்ல.

இப்ப நம்ம மலை ரயிலுக்கு வருவோம், நமக்கு உண்மையிலேயே டிக்கெட் சேர்க்கற விஷயம் முக்கியமாகறது இங்க தான். மேட்டுப்பாளையம் ஊட்டி 46 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை, குன்னூர் வரைக்கும் 1899லயும் ஊட்டி வரைக்கும் 1908லயும் வந்தது, கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துல ஏறும், அதனால வேகமும் கம்மி, கட்டணமும் சமவெளி கணக்குல வராது. சென்னையில இருந்து வர்ற நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையம் வந்து சேர்றதுக்கும் காலையில 7:10க்கு மலை ரயில் கிளம்பறதுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் கூட கிடையாது. சென்னையில இருந்து உங்க வீட்டுக்கு சொந்தக்காரங்க வர்றாங்கன்னா, ரெண்டு டிக்கெட்டையும் லிங்க் பண்ணி வைக்க சொல்லுங்க. இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் விட்டுடாதீங்க.

லிங்க்னா என்னன்னா, 2019 ஏப்ரல்ல இருந்து ரெண்டு பிஎன்ஆரை ஐஆர்சிடிசில ஒண்ணா இணைக்கற வசதி வந்துச்சு. முதல் வண்டி லேட்டா வந்து, அதனால ரெண்டாவது வண்டியை விட்டுட்டீங்கன்னா, போகாத அந்த ரெண்டாவது டிக்கெட் காசு கேன்சலேஷன் பிடிக்காம முழுசா திரும்ப வரும். லிங்க் பண்ணலைன்னா ரெண்டும் ரெண்டு தனி டிக்கெட், முதல் வண்டி லேட்டானதுக்கு ரெண்டாவது டிக்கெட் பொறுப்பில்ல, வண்டி கிளம்பிடுச்சுன்னா காசு போனது போனது தான். இதுக்கு கண்டிஷன்ஸ் இருக்கு. ரெண்டு பிஎன்ஆர்லயும் ஒரே ஆட்கள், பேர், வயசு எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணுல "செல்வி", இன்னொண்ணுல "செல்வி கே"ன்னு இருந்தா இணைக்கும்போது மாட்டும். ஒண்ணுல அஞ்சு பேர், மலை ரயில்ல நாலு பேருக்கு தான் கிடைச்சுதுன்னாலும் ஆகாது. முதல் டிக்கெட் இறங்கற ஸ்டேஷனும் ரெண்டாவது ஏறற ஸ்டேஷனும் ஒண்ணா இருக்கணும், இல்லைன்னா ஒரே ஊர் ஸ்டேஷன்கள்னு ரயில்வே சேர்த்து வெச்சிருக்கற லிஸ்ட்ல வரணும். அப்புறம் ரொம்ப முக்கியம், முதல் வண்டி நிஜமா வந்து சேர்ந்த நேரத்துல இருந்து 3 மணி நேரத்துக்குள்ள டிடிஆர் ஃபைல் பண்ணணும் (இந்த டிடிஆர் ஆள் இல்லைங்க, டிக்கெட் டெபாசிட் ரசீதுக்கு சொல்றது), கவுன்ட்டர் டிக்கெட்னா அதே நேரத்துக்குள்ள அந்த ஸ்டேஷன் கவுன்ட்டர்லயே ஒப்படைக்கணும். முதல்ல டாக்ஸி பிடிச்சு ஊட்டிக்கு போய் குளிச்சு சாப்பிட்டு அப்புறம் பாக்கலாம்னு இருந்தீங்கன்னா 3 மணி நேரம் பர்லியார் வளைவுலயே கரைஞ்சிரும், பிளாட்பார்ம்ல நிக்கும்போதே போட்டுருங்க. லிங்க் பண்றதால டிக்கெட் விலை குறையாது, அது வெறும் பாதுகாப்பு தான், ஆனா காசு செலவில்லாத பாதுகாப்பு.

ஊட்டியில இருந்து இறங்கற பக்கம் இவ்வளவு நெருக்கடி இல்ல. மத்தியானம் 2 மணிக்கு ஊட்டியில கிளம்பற மலை ரயில் சாயங்காலம் மேட்டுப்பாளையம் வந்துடும், நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி தான் கிளம்பும், மணிக்கணக்குல டைம் இருக்கு. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில தண்டவாளத்துல மண் சரிஞ்சு மலை ரயிலையே நிறுத்திடுவாங்க. அப்ப மலை ரயில் காசு திரும்ப வந்துடும், சென்னை டிக்கெட் அப்படியே உயிரோட இருக்கும், நீங்க எப்படியாவது மேட்டுப்பாளையம் போய் சேரணும். அந்த மாசங்கள்ல காலையிலயே வண்டி ஓடுதான்னு பாத்துட்டு, இல்லைன்னா மத்தியானமே பஸ் ஏறிடுங்க, ரோட்டுலயும் மரம் விழுந்து நின்னா கோத்தகிரி சுத்திட்டு இறங்க நேரம் வேணும். பஸ்ஸை எந்த பிஎன்ஆரோடயும் லிங்க் பண்ண முடியாது, பஸ் லேட்டுன்னு சொல்லி ரயில்வேல ஒரு பைசா கேக்க முடியாது.

பாசஞ்சர்ல, ஜெனரல்ல போறவங்களுக்கு தனி கணக்கு. 199 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள அன்ரிசர்வ்ட் டிக்கெட்னா எடுத்த 3 மணி நேரத்துக்குள்ள, இல்லைன்னா அந்த ஊருக்கு போற முதல் வண்டி கிளம்பற வரைக்கும், இதுல எது பின்னாடி வருதோ அதுக்குள்ள பயணம் தொடங்கணும், நடுவுல இறங்கி தங்கிட்டு போகவும் முடியாது. அதனால காலையில ஊட்டியில உக்காந்துகிட்டு கோயம்புத்தூர் டூ ஈரோடு டிக்கெட் எடுத்து வெச்சா நீங்க கீழ இறங்கறதுக்குள்ள அது காலாவதி ஆகிடக்கூடும். பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டுல நுழைஞ்சதுக்கப்புறம் ரயில்ஒன் ஆப்ல எடுத்துக்கோங்க, ஸ்டேஷனுக்குள்ள போயிட்டா ஆப்ல போட விடாது, உள்ள ஒட்டியிருக்கற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணணும். 200 கிலோமீட்டருக்கு மேலன்னா 3 நாள் முன்னாடியே எடுத்து வெக்கலாம். இன்னொண்ணு, மேட்டுப்பாளையம் கோயம்புத்தூர் பாசஞ்சருக்கு எடுத்த சாதா டிக்கெட்டை வெச்சு எக்ஸ்பிரஸ்ல ஏறாதீங்க, செல்லாது, சூப்பர்ஃபாஸ்ட்னா அதுக்கும் மேல சப்ளிமென்ட் வேணும்.

தினமும் கோயம்புத்தூர் வேலைக்கு போற மேட்டுப்பாளையம் ஆளுங்க சீசன் டிக்கெட் வெச்சிருப்பாங்க. அவங்க என்னிக்காவது திருப்பூர் வரைக்கும் போகணும்னா முழு டிக்கெட் வேண்டாம், சீசன் முடியற கோயம்புத்தூர்ல இருந்து திருப்பூருக்கு மட்டும் ஜெனரல் டிக்கெட் எடுத்தா போதும், ரெண்டும் சேர்ந்து செல்லும், ஜெனரல் பெட்டியில மட்டும்.

அடுத்து நிறைய பேர் கேக்கறது பிரேக் ஜர்னி, அதாவது ஒரே டிக்கெட்ல நடுவுல இறங்கி தங்கிட்டு அப்புறம் ஏறறது. 500 கிலோமீட்டருக்கு மேல உள்ள டிக்கெட்டுக்கு இது உண்டு, 1000 வரைக்கும் ஒரு தடவை, அதுக்கு மேல ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 2 நாள், இறங்கற நாளும் ஏறற நாளும் அந்த கணக்குல வராது. ஆனா முதல் பிரேக் எடுக்கணும்னா 500 கிலோமீட்டர் போயிருக்கணும். மேட்டுப்பாளையம் சென்னை டிக்கெட்ல 500 முடியறப்ப சென்னையே வந்துடும், சேலத்துல மாமா வீட்ல இறங்கிட்டு நாளைக்கு போலாம்னு நினைச்சா நடக்காது, அதுக்கு ரெண்டு தனி டிக்கெட் தான். காசி, டெல்லின்னு போறவங்களுக்கு தான் இது நிஜமா உதவும். ரிசர்வேஷன் பண்ணும்போதே கவுன்ட்டர்ல ஃபார்ம்ல எழுதி சொல்லிடணும், இறங்கற ஸ்டேஷன்ல டிக்கெட்ல எழுதி வாங்கிக்கணும், ராஜதானி, ஷதாப்தி, ஜன் ஷதாப்தி மாதிரி வண்டிங்களுக்கு கிடையாது.

கோவில் யாத்திரை போற பெரியவங்க கூட இருக்கறவங்க சர்குலர் ஜர்னி டிக்கெட்னு ஒண்ணு இருக்கறதை தெரிஞ்சுக்கோங்க, இதைப் பத்தி இப்ப யாருமே பேசறதில்லைங்கறது எனக்கு வருத்தம். கிளம்பின ஊருக்கே திரும்பி வர்ற மாதிரி சுத்து பயணம், நடுவுல அதிகபட்சம் 8 இடத்துல இறங்கலாம். மொத்த தூரத்தை ரெண்டா பிரிச்சு, ரெண்டு நீள பயணமா கணக்கு போடுவாங்க, அதனால ஊர் ஊரா தனித்தனியா எடுக்கறதை விட நல்லாவே குறையும். சீனியர் சிட்டிசன் சலுகை 2020 மார்ச்ல நிறுத்தினதுக்கப்புறம் பெரியவங்களுக்கு காசு மிச்சமாகற வழி இந்த மாதிரி சிலது தான் பாக்கி. இது ஆப்ல கிடைக்காது, போற ஊர், தேதி எல்லாம் வரிசையா ஒரு பேப்பர்ல எழுதிகிட்டு பெரிய ஸ்டேஷனுக்கு, இல்லைன்னா சேலம் கோட்ட வணிகப் பிரிவுக்கு போய் கேக்கணும். அவங்க தர்ற கடிதத்தை காட்டி டிக்கெட் வாங்கி, அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் ரிசர்வேஷன் போடணும். அலைச்சல் தான், ஒரு மாசத்துக்கு முன்னாடியாவது ஆரம்பிங்க.

அதே மாதிரி ரெண்டு வண்டி மாறிப் போற நீள பயணத்துக்கு கவுன்ட்டர்ல முழு தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டா கேட்டா டெலஸ்கோப்பிக் ரேட் கிடைக்கும், ஆப்ல தனித்தனியா போட்டா கிடைக்காது. ஊட்டியிலயும் குன்னூர்லயும் ரிசர்வேஷன் கவுன்ட்டர் இருக்கு, இதுக்காக கீழ இறங்க வேண்டியதில்ல. போகும்போது ரெண்டு வண்டி நம்பர், தேதி, மாறற ஸ்டேஷன் எழுதி எடுத்துட்டு போங்க. மாறற ஸ்டேஷன் கோயம்புத்தூரா போத்தனூரான்னு ரெண்டு தடவை பாத்துக்கோங்க, கேரளா பக்கம் இருந்து வர்ற சில வண்டி கோயம்புத்தூர் ஜங்ஷனுக்குள்ள வராம போத்தனூர் வழியாவே போயிடும், ஜங்ஷன்ல நின்னுகிட்டு அந்த வண்டிக்கு காத்திருந்தா எந்த டிக்கெட்டும் உதவாது.